'ஓன்லி' என்னும் ஒரு சிறு சொல்



ஆங்கிலத்தில் நான்கே எழுத்துகளால் ஆன சொல் ஒன்று உண்டு. 'ஓன்லி' என்பது அச்சொல். அதற்குப் பொருள் கேட்டால், நம் பள்ளிகளில் ஆறாம் வகுப்பில் படிக்கும் சிறுவனும் தயங்காமல் 'மட்டும்' என்று விடை சொல்லிவிடுவான். அவன் சொல்வது பிழையன்று. ஆயினும், முப்பத்தைந்து ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த பிறகு நான் சொல்கிறேன்: என்னிடம் பயின்ற மாணவர்களை மிகுதியாக ஏமாற்றியது நீண்டு கடினமான எந்தச் சொல்லும் அன்று, இந்தச் சிறு சொல்லே. மாணவர்களை மட்டுமா? என்னையும் அது ஒருமுறை ஏமாற்றியது. அக்கதையைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு முன் இச்சொல்லின் பிறப்பையும் தொழிலையும் சிறிது ஆராய்வோம்.

'ஓன்லி' என்பது பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' எனப் பொருள்படும் சொல்லும், 'போன்ற', 'தன்மையுடைய' எனப் பொருள்படும் ஓர் ஈறும் சேர்ந்து பிறந்தது. 'ஒன்றாயிருக்கும் தன்மையுடையது' என்பதே அதன் அடிப்படைப் பொருள். 'அலோன்' என்னும் சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 'முழுவதும் ஒருவனாய்' என்று பொருள்படும் 'ஆல்', 'ஒன்' என்னும் இரு சொற்கள் ஒட்டி அது பிறந்தது. அந்த 'அலோன்' என்பதன் தலையைக் கொய்து 'லோன்' என்றாக்கி, அதிலிருந்து 'லோன்லி' என்னும் சொல்லையும் ஆக்கிக்கொண்டார்கள். பகைமை நீங்கி ஒன்றாதலைக் குறித்த 'அட் ஒன்' என்னும் தொடர், 'அடோன்' என்று ஒரு சொல்லாயிற்று. இன்று அது செய்த பிழைக்கு ஈடு செய்வதைக் குறிக்கிறது.

இங்கே ஒரு வியப்பைக் காணுங்கள். 'ஒன்று' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை இன்று நாம் 'வன்' என்று உச்சரிக்கிறோம். எழுத்தில் இல்லாத வகர ஒலி அங்கே எப்படி வந்தது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. முற்காலத்தில் அச்சொல்லை ஏறக்குறைய 'ஓன்' என்றே ஒலித்தார்கள். வகரம் பின்னாளில் வந்து ஒட்டியது. ஆனால் 'ஓன்லி', 'அலோன்', 'அடோன்' ஆகியவை அந்தப் பழைய ஒலியை இன்றுவரை விடாமல் காத்து வருகின்றன. மூத்த பிள்ளை பட்டணம் போய்ப் பேச்சை மாற்றிக்கொள்ள, இளைய பிள்ளைகள் ஊரிலேயே இருந்து தாத்தாவின் பேச்சைப் பேசுவது போன்றது இது.

இனி இச்சொல்லின் தொழிலுக்கு வருவோம். அதன் முதற்றொழில் பிரித்தல். பலவற்றுள் ஒன்றை எடுத்து, 'இது உண்டு, பிற இல்லை' என்று வேலி கட்டுவது. வேலியை எந்த இடத்தில் கட்டுகிறோமோ அதற்கேற்பப் பொருள் மாறும். ஓர் எளிய வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'ஃபாதர் லெண்ட் முருகன் எ பென்.' அப்பா முருகனுக்கு ஒரு பேனாவை இரவல் கொடுத்தார். இதில் 'ஓன்லி' என்பதை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்போம்.

வாக்கியத்தின் தொடக்கத்தில், 'ஓன்லி ஃபாதர்' என்று வைத்தால், அப்பா ஒருவரே கொடுத்தார், மாமாவோ அண்ணனோ கொடுக்கவில்லை என்றாகும். 'ஃபாதர் ஓன்லி லெண்ட்' என்று வைத்து வினைச்சொல்லை அழுத்திச் சொன்னால், இரவலாகத்தான் கொடுத்தார், சொந்தமாகக் கொடுத்துவிடவில்லை என்றாகும்; முருகன் அதைத் திருப்பித் தரவேண்டும். 'லெண்ட் ஓன்லி முருகன்' என்றால், முருகனுக்கு மட்டும் கிடைத்தது, அவன் தம்பி அழுதுகொண்டு நிற்கிறான். 'ஓன்லி எ பென்' என்றால், பேனா மட்டுமே கிடைத்தது, எழுதத் தாள் கிடைக்கவில்லை. இறுதியில் 'ஓன்லி எஸ்டர்டே' என்று சேர்த்தால், நேற்றுத்தான் கொடுத்தார், அதற்கு முன் கொடுக்கவில்லை. ஒரு சொல்லின் இடமாற்றத்தால் ஐந்து வீட்டுக் கதைகள் பிறந்துவிட்டன!

தமிழில் நமக்கு இந்தத் தொல்லை இல்லை. 'மட்டும்' என்பதும், 'தான்' என்பதும், 'ஏ' என்னும் இடைச்சொல்லும் தாம் பிரிக்க வேண்டிய சொல்லின் பின்னே போய் ஒட்டிக்கொள்கின்றன. 'முருகனுக்கு மட்டும்', 'பேனாவை மட்டும்' என்றால் ஐயத்துக்கு இடமில்லை. ஆங்கிலத்திலோ 'ஓன்லி' பெரும்பாலும் முன்னே நிற்கும். இதனால்தான் நம் மாணவர்கள் தமிழ்ப் பழக்கத்தில் அதைப் பின்னே கொண்டுபோய் வைக்கிறார்கள். அறிவிப்புப் பலகைகளில் அவ்வாறு வைப்பது ஆங்கிலத்திலும் உண்டு. 'லேடீஸ் ஓன்லி' என்று பலகை எழுதுவார்கள். ஆனால் கட்டுரை எழுதும்போது, அது முன்னிருக்கும் சொல்லைக் குறிக்கிறதா, பின்னிருக்கும் சொல்லைக் குறிக்கிறதா என்னும் குழப்பம் நேர்ந்துவிடும்.

காசோலை எழுதுவோர் தொகையை எழுத்தால் எழுதி, அதன் முடிவில் 'ஓன்லி' என்று சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். தமிழில் எழுதுவோர் 'ரூபாய் ஐந்நூறு மட்டும்' என்று எழுதுவர். அங்கே அச்சொல் ஒரு காவற்காரன். தொகைக்குப் பின்னே வேறு எவரும் ஒரு சொல்லைச் செருகிவிடாதபடி அது வாயிலை அடைத்து நிற்கிறது. வேலி கட்டுவது அதன் தொழில் என்று நான் கூறியதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

'ஓன்லி' என்பதன் இடத்தைப் பற்றி ஆங்கில இலக்கண ஆசிரியர்களிடையே நெடுங்காலமாக வழக்கு நடந்து வந்திருக்கிறது. 1762-இல் ஆங்கில இலக்கணம் ஒன்றை வெளியிட்டவரும், பின்னாளில் லண்டன் பிஷப்பாக விளங்கியவருமான ராபர்ட் லோத், அச்சொல் தான் தழுவும் சொல்லுக்கு அருகிலேயே நிற்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 'நான் மூன்று சொற்களே பேசினேன்' என்னும் கருத்தைச் சொல்லும்போது, அதனை வினைக்கு முன்னே வைக்காமல் 'மூன்று' என்பதற்கு முன்னே வைப்பதே முறை என்பது அவர் கட்சி. அவருக்குப் பின்வந்த பள்ளி ஆசிரியர் பலர் இவ்விதியைப் பிரம்பைப் போலக் கையில் பிடித்துக்கொண்டனர்.

1926-இல் ஆங்கில வழக்கு அகராதியை வெளியிட்ட எச். டபிள்யூ. ஃபவுலர் வேறு கட்சி பேசினார். அவரும் பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவரே. மக்கள் இயல்பாகப் பேசும்போது 'ஓன்லி' என்பதை வினைக்கு முன்னே வைப்பதுதான் வழக்கு. பொருள் மயக்கம் நேராத இடத்தில் அதைக் குற்றம் என்று சொல்லி வேட்டையாடுவது வீண் என்றார் அவர். மயக்கம் நேரக்கூடிய இடத்தில் உரிய இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே அவருடைய தீர்ப்பு.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. நான் இப்போது வானொலியில் பேசுகிறேன். எந்தச் சொல்லை அழுத்த வேண்டுமோ அதை என் குரல் அழுத்திக் காட்டிவிடுகிறது. ஆகவே 'ஓன்லி' எங்கே நின்றாலும் கேட்பவருக்குப் பொருள் விளங்கும். எழுத்துக்கோ குரல் இல்லை. தாளில் எழுதியவன் தூரத்தில் இருக்கிறான்; படிப்பவன் தனியே இருக்கிறான். குரல் செய்த வேலையை அங்கே இடம்தான் செய்ய வேண்டும். பேசும்போது ஃபவுலரைப் பின்பற்றுங்கள். தேர்விலும் விண்ணப்பத்திலும் எழுதும்போது லோத்தைப் பின்பற்றுங்கள். இதுவே நான் என் மாணவர்களுக்குச் சொல்லிவந்த சமரசம்.

'ஓன்லி' என்பதன் இரண்டாவது தொழில் சிறுமை காட்டுவது. கடைக்காரர் 'ஓன்லி டென் ருபீஸ்' என்கிறார். பத்து ரூபாய், அதற்கு மேல் இல்லை என்பதோடு, 'இது ஒரு தொகையா!' என்னும் குறிப்பும் அங்கே உண்டு. தமிழில் 'வெறும் பத்து ரூபாய்' என்கிறோம். 'ஹி இஸ் ஓன்லி எ சைல்ட்' என்றால், 'அவன் குழந்தைதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்' என்பது கருத்து. இதனை 'ஹி இஸ் அன் ஓன்லி சைல்ட்' என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னதில் அச்சொல் வினையடை அன்று, பெயரடை. 'அவன் பெற்றோர்க்கு ஒரே பிள்ளை' என்பது பொருள். அறுபது வயதுக் கிழவரும் 'அன் ஓன்லி சைல்ட்' ஆக இருக்கலாம்! ஆனால் அவரை 'ஓன்லி எ சைல்ட்' என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்.

சிறுமை காட்டும் இந்த 'ஓன்லி' என்பதை மனிதர்மேல் ஏற்றும்போது எச்சரிக்கை வேண்டும். ஒருவரைக் குறித்து 'ஓன்லி எ கிளார்க்' என்று சொல்லுகிறவர், அவர் தொழிலைச் சொல்வதாக நினைத்துக்கொண்டே அவரைத் தாழ்த்திவிடுகிறார்.

இனி இரண்டு தொடர்கள். 'ஓன்லி இஃப்' என்பது ஒன்று. 'இஃப் ஓன்லி' என்பது மற்றொன்று. சொற்கள் அவையே, வரிசைதான் வேறு. பொருளோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

நூலகத்தில், 'உறுப்பினர் அட்டை இருந்தால் மட்டுமே நூல் எடுக்கலாம்' என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். இது 'ஓன்லி இஃப்'. அட்டை இல்லையேல் நூல் இல்லை என்பது உறுதி. ஆனால் அட்டை இருந்தால் நூல் கட்டாயம் கிடைக்கும் என்று இவ்வாக்கியம் வாக்குக் கொடுக்கவில்லை. நூலை வேறொருவர் எடுத்துப் போயிருக்கலாம். அட்டை தேவையான நிபந்தனையே அன்றிப் போதுமான நிபந்தனை அன்று. விளம்பரங்களையும் ஒப்பந்தங்களையும் விதிகளையும் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறந்தவர்கள் ஏமாந்து நிற்கிறார்கள். 'பணம் கட்டினால் இடம் கிடைக்கும்' என்பது ஒன்று. 'பணம் கட்டினால் மட்டுமே இடம் கிடைக்கும்' என்பது முற்றிலும் வேறொன்று. முன்னது உறுதிமொழி, பின்னது தடை.

கணிதம் பயில்வோர் இதனை நன்கு அறிவர். இரு திசையிலும் செல்லும் உண்மையைக் கூற அவர்கள் 'இஃப் அண்ட் ஓன்லி இஃப்' என்று எழுதுவார்கள். இத்தொடர் நீளமாக இருப்பதால், 'இஃப்' என்னும் சொல்லின் இறுதி எழுத்தை இரட்டித்து எழுதும் சுருக்கமும் வழக்கில் உண்டு. அச்சில் அது 1955-இல் ஜான் கெல்லி எழுதிய இடவியல் நூலில் வந்தது. அதைப் படைத்த பெருமையைக் கெல்லி, பால் ஹால்மோஸ் என்னும் கணித அறிஞருக்கு அளித்தார்.

'இஃப் ஓன்லி' என்பதோ தருக்கம் அன்று, பெருமூச்சு. 'இஃப் ஓன்லி இட் வுட் ரெயின்!' என்றால், 'மழை மட்டும் பெய்துவிட்டால்!' என்னும் ஏக்கம். நாமும் இங்கே 'மட்டும்' என்றே சொல்வதைக் கவனியுங்கள். உழவனின் ஏக்கத்தில் இரு மொழிகளும் ஒன்றுபடுகின்றன.

இன்னும் சில பயன்களை விரைந்து பார்த்துவிடுவோம். 'ஓன்லி டூ கிளாட்' என்றால் மகிழ்ச்சி குறைவு என்று பொருளன்று. மிக்க மகிழ்ச்சி என்பதே பொருள். 'ஓன்லி ஜஸ்ட்' என்றால் மயிரிழையில் என்பது கருத்து; வண்டியைத் தவறவிடாமல் ஓடிப்போய்ப் பிடித்தவன் அப்படிச் சொல்வான். 'ஓன்லி தென்' என்று வாக்கியத்தைத் தொடங்கினால், எழுவாய்க்கு முன்னே துணைவினை வந்து நிற்க வேண்டும்: 'ஓன்லி தென் டிட் ஐ அண்டர்ஸ்டாண்ட்.' அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இந்த வாக்கியம், நான் சொல்வதாக வாக்களித்த கதையை நினைவூட்டுகிறது.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பணியேற்று ஈராண்டுகள் ஆகியிருந்தன. ஃபவுலரைப் படித்திருந்தேன்; படித்த செருக்கும் இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் இருந்த ஒரே நுண்ணோக்கி ஒருநாள் காலை கண்ணாடி உடைந்து தரையில் கிடந்தது. ஆய்வகச் சாவி பணியாளர் ஒருவரிடம் இருந்தது. வயது முதிர்ந்தவர், பள்ளி மணியை அடிப்பவரும் அவரே. உடைத்தது தாம் அல்ல என்று அவர் சொன்னார். ஆயினும் பொறுப்பு அவருடையது என்று சொல்லி, அவருடைய ஊதியத்தில் மாதந்தோறும் ஒரு தொகையைப் பிடிப்பதென்று முடிவாயிற்று.

மறுநாள் என் மேசைமேல் ஒரு கடிதம் இருந்தது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியது. விண்ணப்பங்களை எல்லாம் ஆங்கிலத்திலேயே எழுதிப் பழக வேண்டும் என்று அவ்வகுப்புக்கு விதி செய்திருந்தவன் நான். அக்கடிதத்தில் ஒரே வாக்கியம்: 'ஐ ஓன்லி டுக் த மைக்ராஸ்கோப் ஃப்ரம் த ஷெல்ஃப்.'

நான் அதை ஆங்கில முறைப்படி படித்தேன். 'நான் நுண்ணோக்கியை அலமாரியிலிருந்து எடுத்தது மட்டும்தான். வேறொன்றும் செய்யவில்லை' என்று பொருள் கொண்டேன். எடுத்தவன் இவன், உடைத்தவன் வேறொருவன் என்று சொல்கிறான், தன்மேல் பழி வராமல் முந்திக்கொள்கிறான் என்று எண்ணினேன். பையன்மேல் எனக்கு வெறுப்பே உண்டாயிற்று. கடிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டேன். அம்மாத ஊதியத்தில் முதியவருக்குப் பணம் பிடிக்கப்பட்டது.

சில வாரங்கள் கழித்து, பள்ளி விட்ட பின் அம்மாணவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். கண்கள் கலங்கியிருந்தன.

"சார், நான்தான் எடுத்தேன் என்று எழுதிக்கொடுத்தேனே! எனக்கு ஏன் தண்டனை கொடுக்கவில்லை? தாத்தாவுக்கு ஏன் சம்பளத்தில் பிடித்தார்கள்?" என்றான்.

"தம்பி, எடுத்தது மட்டும்தான் என்றல்லவா நீ எழுதியிருந்தாய்?" என்றேன்.

"இல்லை சார். நான்தான்... நான்தான் எடுத்தேன், கைதவறிப் போட்டுவிட்டேன். நான்தான் என்பதற்கு வேறு எப்படி எழுதுவது?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் 'நான்தான் எடுத்தேன்' என்று தமிழில் எண்ணி, 'தான்' என்பதற்கு 'ஓன்லி' என்று எழுதியிருந்தான். அவன் எழுதியது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம். நான் படித்ததோ குற்றத்திலிருந்து நழுவும் சாக்கு. ஒரே வாக்கியம், ஒரு சிறுவனின் நேர்மை அதில் ஏறி வந்தது, என் கண்ணில் அது கோழைத்தனமாகப் பட்டது. அதன் விலையை அக்கடிதத்தைப் பற்றி எதுவுமே அறியாத ஒரு முதியவர் கொடுத்தார்.

அன்று மாலையே தலைமையாசிரியரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். பிடித்த பணம் திருப்பித் தரப்பட்டது. முதியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது, "போகட்டும் சார், பையன் உண்மையைச் சொல்லிவிட்டான் அல்லவா? அது போதும்" என்றார். அவருக்குப் போதுமானதாக இருந்தது எனக்குப் போதவில்லை. அன்றிரவு இலக்கண நூலை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆங்கில இலக்கணத்தை அன்று, தமிழ் இலக்கணத்தை.

ஏகார இடைச்சொல்லுக்கு நம் இலக்கண ஆசிரியர்கள் பல பொருள்கள் கூறியிருக்கிறார்கள். தொல்காப்பியம் ஐந்து கூறும். நன்னூல் ஆறு கூறும். அவற்றுள் பிரிநிலை ஒன்று, தேற்றம் ஒன்று. பிரிநிலை என்பது ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரிப்பது. தேற்றம் என்பது ஐயம் நீக்கி உறுதி கூறுவது. இன்றைய பேச்சில் நாம் வழங்கும் 'தான்' என்பதும் இவ்விரு வேலைகளையும் செய்கிறது. 'பத்து ரூபாய்தான் இருக்கிறது' என்னும்போது பிரிநிலை. 'நான் சொல்வது உண்மைதான்' என்னும்போது தேற்றம். ஆங்கிலத்து 'ஓன்லி' பிரிநிலை மட்டுமே அறியும். அதற்குத் தேற்றம் தெரியாது. இதுவே முடிச்சு. நாம் தமிழில் இரு பொருள் தரும் ஒரு சொல்லை, ஆங்கிலத்தில் ஒரு பொருளே தரும் சொல்லின் தலைமேல் ஏற்றிவிடுகிறோம். இந்தி பேசுவோரும் தம் மொழியின் 'ஹீ' என்னும் இடைச்சொல்லுக்கு ஈடாக 'ஓன்லி' என்பதை இவ்வாறே வழங்குவதுண்டு.

ஆகவே 'நான்தான் செய்தேன்' என்று உறுதி கூற விரும்பினால், 'இட் வாஸ் ஐ ஹூ டிட் இட்' என்று எழுதுங்கள். 'இங்கேதான் இருக்கிறேன்' என்பதற்கு 'ஐ ஆம் ஹியர் ஓன்லி' என்னாமல், 'ஐ ஆம் ரைட் ஹியர்' என்று சொல்லுங்கள். 'நேற்றுத்தான் வந்தேன்' என்பதற்கு 'ஓன்லி எஸ்டர்டே' என்பது பொருந்தும். ஏனெனில் அங்கே நீங்கள் நேற்றை அதற்கு முந்திய நாள்களினின்றும் பிரிக்கிறீர்கள்.

இந்நாட்டு ஆங்கிலத்தில் தேற்றப்பொருள் தரும் 'ஓன்லி' வேரூன்றிவிட்டது. நம்முள் நாம் பேசிக்கொள்ளும்போது அது எவருக்கும் விளங்குகிறது. அப்பேச்சைக் கேட்டு நான் இப்போது சிரிப்பதில்லை. அதனுள்ளே ஒரு தமிழ் ஏகாரம் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். ஆனால் தமிழறியாத ஒருவர் படிக்கப்போகும் தாளில் அதை எழுதும்போது, 'நான் இங்கே பிரிக்கிறேனா, உறுதி கூறுகிறேனா?' என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பிரிக்கிறீர்கள் என்றால், எதைப் பிரிக்கிறீர்களோ அதன் அருகில் 'ஓன்லி' நிற்கட்டும். உறுதி கூறுகிறீர்கள் என்றால், வேறு வழியைத் தேடுங்கள்.

உங்களுள் சிலர் நாளை ஆசிரியர்களாவீர்கள். சிலர் அலுவலகங்களில் பிறர் எழுதிய விண்ணப்பங்களைப் படித்து முடிவு செய்யும் இடத்தில் அமர்வீர்கள். அவர்களுக்கு ஒரு சொல். கையில் வரும் தாளில் மொழி பிசகியிருந்தால், எழுதியவன் மனமும் பிசகியிருப்பதாக உடனே முடிவு கட்டாதீர்கள். அவனை அழைத்து, அவன் தாய்மொழியில் ஒருமுறை கேளுங்கள். நான் அன்று கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.